மட்டக்களப்பு ஆற்றுவாயும் தன்னொப்பு அலையும்

மட்டக்களப்பு வாவி இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. அதன் பரப்பளவு சுமார் 141 சதுர கிலோமீற்றர். ஆழம் பெரும்பகுதியில் ஒன்றிரண்டு மீற்றர்தான். சூரியன் எழும் பக்கத்துக் கடலோர நிலம் எழுவான்கரை, அது சாயும் பக்கத்து வயல்நிலம் படுவான்கரை. வாவி கடலைச் சந்திப்பது இரண்டு இடங்களில்: ஒன்று நகரை அடுத்துள்ள பாலமீன்மடு முகத்துவாரம், மற்றது தெற்கே கல்லாற்றுப் பக்கம். ஊர்ப்பேச்சில் இரண்டுமே ஆற்றுவாய்.

இந்த வாய்கள் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய ஏற்றவற்றத்தால் உள்ளே போய் வெளியே வரும் நீர் வாயைத் துப்புரவாக வைத்திருக்கப் போதாது. கடலலை கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். கோடையில் வாவிக்கு வரும் ஆற்றுநீர் வற்றியதும் மணல் வென்று, வாயின் குறுக்கே திட்டு வளர்கிறது. கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் மேலதிக நீரும் காட்டாறுகளும் வாவிக்குள் இறங்குகின்றன. கடலுக்கும் வாவிக்கும் இடையே நிற்பது அந்த மணல்திட்டு மட்டுமே. நீர்மட்டம் உயரும், படுவான்கரையின் தாழ்ந்த வட்டைகளில் மாரி வேளாண்மை மூழ்கும். திட்டு தானாக உடையலாம், உடையாமலும் இருக்கலாம். அது உடையும்வரை காத்திராமல் மனிதர் போய் வெட்டிவிடுவதே ஆற்றுவாய் வெட்டுதல்.

இந்த வாய் வெளியுலகின் ஏடுகளில் ஏறியது ஐரோப்பியக் கப்பல்களோடுதான். ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டு, அங்கிருந்து கண்டி அரசனிடம் சென்றார். போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டியது கடற்கரையில் அல்ல, வாவிக்குள்ளே புளியந்தீவில். வாயில் கிடந்த மணலே அக்கோட்டைக்கு முதல் அரண். பெரிய கப்பல்கள் வெளியே நிற்க, சிறு படகுகளே உள்ளே வர முடிந்தது. ஆனாலும் 1638இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு அதைப் பிடித்தனர். மணல் கப்பலைத் தடுக்கும், உடன்படிக்கையைத் தடுக்காது. 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதும் புளியந்தீவில்தான். முகத்துவாரத்துக்கு அருகே பாலமீன்மடுவில் வெளிச்சவீடு எழுந்தது 1913இல். வாவி ஒடுங்கும் கல்லடியில் 1924இல் திறந்த இரும்புப் பாலத்துக்கு ஆள்பதி மானிங்கின் மனைவி பெயர் வைக்கப்பட்டது. 1928இல் ரயில் வந்தபின் சரக்குக்குக் கடல்வழி தேவையில்லாமல் போயிற்று. அதன் பிறகு ஆற்றுவாய் என்பது கப்பல் விவகாரமாக இல்லாமல் வெள்ளம், வயல், மீன் ஆகியவற்றின் விவகாரமாக ஆயிற்று.

விவகாரம் என்பது மிகையல்ல. வாயைச் சீக்கிரம் வெட்டினால் வயல் பிழைக்கும். ஆனால் வாவியில் வளர்ந்துகொண்டிருக்கும் இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போகும், நீர்மட்டம் சடுதியாக இறங்கும், உப்பும் மாறும். தோணியில் போய் வீச்சுவலை எறிபவருக்கு அது நட்டம். பிந்தி வெட்டினால் நட்டம் மறுபக்கம். முடிவு கச்சேரியில், இன்றைய சொல்லில் மாவட்டச் செயலகத்தில், விவசாயிகளும் மீனவரும் திணைக்களத்தாரும் கூடிப் பேசி எடுக்கப்படுகிறது. ஒரு காலத்தில் மண்வெட்டி செய்த வேலையை இப்போது பெக்கோ இயந்திரம் செய்கிறது. செயல்முறை மட்டும் மாறவில்லை. திட்டு முழுவதையும் யாரும் அகற்றுவதில்லை. குறுகிய வாய்க்கால் ஒன்றை வெட்டிவிட்டு எல்லோரும் விலகி நிற்பார்கள், மிச்சத்தை நீர் செய்யும். 1957 திசெம்பர் வெள்ளத்திலும், மட்டக்களப்பு மாவட்டம் நாட்டிலேயே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 2011 ஜனவரி வெள்ளத்திலும் இந்த மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வியாக இருந்தது.

தடுத்து வைத்த நீர் சட்டென்று விடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு முதல் துல்லியமான விடை 1892இல் வந்தது. அதை எழுதியவர் ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இயக்கவியல் கற்பித்த ஔகுஸ்த் ரிட்டர். வெளியானது ஜெர்மன் பொறியியலாளர் சங்கத்தின் சஞ்சிகையில். ஆனால் அவர் பயன்படுத்திய கணிதம் நீருக்காக உருவானதல்ல, காற்றுக்காக உருவானது.

1860இல் பெர்ன்ஹார்ட் ரீமான், காற்றில் செல்லும் வலுத்த ஒலியலை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மென்மையான ஒலியில் காற்றின் அடர்த்தி கொஞ்சமே கூடிக் குறையும், அதனால் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நகரும். வலுத்த அலையில் நெருக்கமான பகுதி வேகமாகவும் ஐதான பகுதி மெதுவாகவும் நகர்வதால் அலையின் முகம் செங்குத்தாகிக்கொண்டே போய், இறுதியில் அதிர்ச்சி அலையாக உடைகிறது. இந்த அலையின் சமன்பாடுகளில் எதை எதோடு கூட்டினால் அலையோடு மாறாமல் நகரும் என்று ரீமான் கண்டுபிடித்தார். 1871இல் பிரான்சின் சான் வெனான், ஆழங்குறைந்த வாய்க்காலில் ஓடும் நீருக்குச் சமன்பாடுகள் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பெயர்களில் மட்டுமே. வாயுவின் அடர்த்தி இருந்த இடத்தில் நீரின் உயரம் வருகிறது. ஒலியின் வேகம் இருந்த இடத்தில், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம் வருகிறது. ஒரு மீற்றர் ஆழத்தில் அது நொடிக்கு 3.1 மீற்றர், இரண்டு மீற்றரில் 4.4. நீரடுக்கின் மொத்த அமுக்கம் உயரத்தின் இருபடியாகக் கூடுவதால், இந்த நீர், அடர்த்தி இரு மடங்கானால் அமுக்கம் நான்கு மடங்காகும் ஒரு வாயுவைப் போல நடந்துகொள்கிறது. இயற்கையில் அப்படியொரு வாயு இல்லை. காற்றில் அந்த அடுக்கு 2 அல்ல, 1.4.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்பு வாவியில் படகில் இருந்து கேட்டு, 1859இல் வெளியான தம் நூலில் எழுதிய ‘பாடும் மீன்’ ஓசை நீருக்குள் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் வேகத்தில் செல்கிறது. அந்த ஓசைக்கு வாவி நீர் பெரும்பாலும் அமுக்க முடியாத பொருள். அதே வாவியின் மேற்பரப்பு அலைக்கோ நீர் நன்றாகவே அமுங்கும், ஏனெனில் பக்கவாட்டில் நெருங்கும் நீர் மேலெழ இடமிருக்கிறது. அந்த ‘ஒலி’யின் வேகம் நொடிக்கு நான்கு மீற்றர்தான், துவிச்சக்கர வண்டியை அவசரமில்லாமல் மிதிப்பவரின் வேகம். அதிவேக விமானங்களைச் சுற்றிய காற்றோட்டத்தை அறியப் பெருஞ்செலவில் காற்றுச் சுரங்கம் கட்டுவதற்குப் பதில், மெல்லிய நீர்ப்படலம் ஓடும் மேசையில் பரிசோதிக்கலாம் என்று 1932இல் ரியாபூஷின்ஸ்கியும் 1938இல் சூரிச்சில் பிரைஸ்வெர்க்கும் எழுதியது இந்த ஒப்புமையை நம்பித்தான்.

ரிட்டரின் கணக்கு இது. நீண்ட, தட்டையான, உராய்வற்ற வாய்க்கால். நடுவே ஒரு சுவர், அதன் ஒரு பக்கம் குறிப்பிட்ட உயரத்துக்கு அசையாத நீர், மறுபக்கம் வெறுந்தரை. சுவர் ஒரு கணத்தில் மறைகிறது. இந்த அமைப்பில் ஆழம் ஒன்றைத் தவிர வேறு நீளமே இல்லை, ஆழங்குறைந்த நீரின் சமன்பாடுகளிலோ உயரமும் கிடைத்தூரமும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதில்லை. எனவே கிடைத்தூரம் முழுவதையும் இரு மடங்காக நீட்டி, காலத்தையும் இரு மடங்காக நீட்டினால் சமன்பாடு மாறாது. சுவருக்கு ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வெறுமை என்ற தொடக்க நிலையும் மாறாது. கேள்வி மாறவில்லை என்றால் விடையும் மாறக்கூடாது. பத்தாம் நொடியில் எடுத்த நீர்முகத்தின் படத்தைக் கிடையாக இரு மடங்கு இழுத்தால் இருபதாம் நொடியின் படம் கிடைத்தாக வேண்டும். அதாவது தூரம், காலம் என்ற இரண்டும் தனித்தனியே வேண்டியதில்லை, தூரத்தைக் காலத்தால் வகுத்த ஒற்றை எண்ணே போதும். நீட்டலுக்கு மாறாத இந்தச் சமச்சீர்தான் விடையைத் தன்னொப்புத் தீர்வாக்குகிறது. இரண்டு மாறிகளின் பகுதி வகையீட்டுச் சமன்பாடு பள்ளி அட்சரகணிதமாகச் சுருங்கிவிடுகிறது.

விடை இப்படி அமைகிறது. நீர்முகம் மேல்நோக்கிக் குழிந்த ஒரு பரவளைவு. முன்விளிம்பு, தொடக்க ஆழத்துக்குரிய அலைவேகத்தின் இரு மடங்கில் வெறுந்தரையில் ஓடுகிறது. காற்று வெற்றிடத்துக்குள் பீறினால் அதே கணக்கு ஒலிவேகத்தின் ஐந்து மடங்கைத் தரும், அடுக்கு 2க்குப் பதில் 1.4 என்பதுதான் காரணம். பின்விளிம்பு, அதாவது நீர் இறங்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தி, அலைவேகத்தில் எதிர்த்திசையில் போகிறது. சுவர் நின்ற இடத்தில் ஆழம் தொடக்க ஆழத்தின் 4/9 ஆகச் சட்டென்று இறங்கி, பிறகு அப்படியே நிற்கிறது. அங்கே நீரின் வேகமும் அலையின் வேகமும் சமம். அலகு அகலத்துக்கு வெளியேறும் நீரின் வீதமும் மாறுவதில்லை, அது ஆழத்தையும் அலைவேகத்தையும் பெருக்கியதன் 8/27 பங்கு.

மறுபக்கம் வெறுந்தரையாக இல்லாமல் தாழ்ந்த நீர் இருந்தால் என்ன என்பதையும் பிந்தியவர்கள் தீர்த்தனர். 1957இல் வெளியான ஜே. ஜே. ஸ்டோக்கரின் நீரலை நூலில் அது விரிவாக இருக்கிறது. முன்னே ஒரு நீர்ச்சுவர் ஓடும், அதன் பின்னே ஒரு தட்டையான மேடை, அதற்கும் பின்னே ரிட்டரின் பரவளைவு. அதுவும் தன்னொப்புதான். மறுபக்க நீரின் ஆழம் மேற்பக்கத்தின் 0.138 பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை, உடைப்பின் வாயில் எதுவும் மாறுவதில்லை. கீழே நடப்பது மேலே தெரியாது, நீர் அங்கே தன் ‘ஒலி’யை விட வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால் செய்தி எதிர்த்து ஏற முடியாது.

இனி இதை வாவிக்குக் கொண்டுவரலாம். கடலைவிட வாவி ஒரு மீற்றர் உயர்ந்து நிற்கிறது என்று கொண்டால், ரிட்டரின் கணக்குப்படி ஆற்றுவாயின் ஒவ்வொரு மீற்றர் அகலத்திலும் நொடிக்கு 0.93 கனமீற்றர் நீர் வெளியேறும். ஆனால் வாவி வாயைவிடப் பன்மடங்கு அகலம், நீர் பக்கங்களிலிருந்தும் கூடிவரும். அப்போது பொருந்துவது அகலமான கலிங்கின் மேல் நீர் வழியும் கணக்கு. அது ஒரு மீற்றர் அகலத்துக்கு 1.7 கனமீற்றர் என்கிறது. இரண்டிலும் ஒரு பொதுமை உண்டு. புவியீர்ப்பும் உயரமும் தவிர வேறு அளவு இல்லாத இடத்தில், வெளியேற்றம் உயரத்தின் ஒன்றரை அடுக்காகவே கூட முடியும். நீர்த்தலை இரு மடங்கானால் வெளியேற்றம் 2.8 மடங்காகும். சமச்சீர் அடுக்கைத்தான் கட்டிப்போடுகிறது. முன்னே வரும் எண்ணை அமைப்பின் வடிவம் தீர்மானிக்கிறது.

100 மீற்றர் அகலமான வாய் என்றால் நொடிக்கு 93 முதல் 170 கனமீற்றர் போகும். வாவி முழுதும் ஒரு மீற்றர் இறங்க 14 கோடி கனமீற்றர் நீர் போயாக வேண்டும். இதே வேகத்தில் அதற்கு 10 முதல் 17 நாள் ஆகும். மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும், மேலிருந்து வெள்ளமும் வந்துகொண்டிருக்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் கூடும். முழங்கால் அளவு நெற்பயிர் இத்தனை நாள் நீருக்கடியில் தாங்காது. வாயை முன்கூட்டியே வெட்ட வேண்டும் என்று விவசாயிகள் நிற்பதன் நியாயமும், வாய் 100 மீற்றரா 200 மீற்றரா என்பதில் இவ்வளவு தங்கியிருப்பதன் காரணமும் இந்த வகுத்தலில் இருக்கின்றன. இன்னொன்றும் தெரிகிறது. முகத்துவாரத்தில் வாய் திறந்த செய்தி இரண்டு மீற்றர் ஆழ நீரில் நொடிக்கு 4.4 மீற்றர் வேகத்தில் தெற்கே போகிறது. 40 கிலோமீற்றர் தள்ளியுள்ள வயலுக்கு அது போய்ச் சேர இரண்டரை மணி நேரம் வேண்டும். கல்லடி போன்ற ஒடுக்கங்களில் அதன் ஒரு பகுதி திரும்பிவிடும், ஆழங்குறைந்த இடங்களில் வேகமும் தளரும். ஆகவே தென்கோடியில் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிய அதைவிட நேரம் பிடிக்கும்.

ரிட்டரைப் பற்றி ஒரு குறிப்பு இங்கே பொருந்தும். பொறியியல் மாணவர்கள் அவரைப் பாலச் சட்டங்களின் விசையைக் கணக்கிடும் ‘வெட்டு முறை’க்காக அறிவர். வானியலாளர்களுக்கு அவர் வேறொருவர்: 1878 முதல் ஏறத்தாழ பத்தாண்டு, தன் ஈர்ப்பால் தானே திரண்டு நிற்கும் வாயுக்கோளங்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். விண்மீனின் உள்ளமைப்புக் கோட்பாட்டுக்கு அவை அடிக்கற்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1939இல் வெளியிட்ட விண்மீன் அமைப்பு பற்றிய நூலில், உலகம் மறந்துவிட்ட ரிட்டரின் கட்டுரைகளுக்கு உரிய இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கோளங்களின் சமன்பாட்டிலும் நீட்டல் சமச்சீர் உண்டு: ஒரு விண்மீனின் தீர்வை அளவு மாற்றி இன்னொன்றின் தீர்வாக்கலாம். போர்க்காலத்தில் அமெரிக்காவின் அபர்டீன் வெடிப்பாய்வுக் கூடத்துக்கு ஆலோசகராகச் சென்ற சந்திரசேகர், 1943இல் தட்டையான அதிர்ச்சி அலை எப்படித் தேய்கிறது என்று ஓர் அறிக்கையும் எழுதினார். வாயுக்கோளத்திலிருந்து அலைக்கு என்ற ரிட்டரின் பாதையில் அவரும் சிறிது தூரம் நடந்தார்.

அந்த ஆண்டுகளில்தான் தன்னொப்புத் தீர்வுகள் அணுகுண்டின் கணிதமாகவும் ஆயின. ஒரு புள்ளியில் பெரும் ஆற்றல் சட்டென்று விடுபட்டால் அதிர்ச்சி அலையின் ஆரை காலத்தின் 2/5 அடுக்காக வளரும் என்று பிரிட்டனில் ஜி. ஐ. டெய்லரும் சோவியத் நாட்டில் செடோவும் தனித்தனியே கண்டனர். 1945 ஜூலை 16இல் நியூ மெக்சிக்கோவில் நடந்த முதல் சோதனையின் படங்கள் வெளியானதும், டெய்லர் அவற்றின் அளவுகோலையும் நேரக்குறிப்பையும் வைத்தே வெடிப்பின் ஆற்றலைக் கணக்கிட்டு 1950இல் அச்சிட்டார். நோர்வேயின் சோஃபஸ் லீ 19ஆம் நூற்றாண்டில் வகுத்த சமச்சீர்க் குலங்களின் கோட்பாடு இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பதை 1950இல் காரெட் பிர்காஃப் சுட்டினார். ஒவ்சியானிகோவ் அதை ஒழுங்கான முறையாக்கினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இந்தத் துறை வேரூன்றியதன் அடையாளம், அங்கே பணியாற்றிய பி. எல். சச்தேவ் 2000இல் தன்னொப்புத் தீர்வுகளைப் பற்றி வெளியிட்ட முழுநூல்.

இதுவரை சொன்னவை எல்லாம் வாவியிலிருந்து கடலுக்குப் போகும் நீரைப் பற்றியவை. 2004 திசெம்பர் 26இல் நீர் மறுதிசையில் வந்தது. 4000 மீற்றர் ஆழக் கடலில் நீளலையின் வேகம் நொடிக்கு 198 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிழக்கிலங்கைக் கரையை அடைந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே மணல்நாக்காகக் கிடக்கும் நாவலடியை அது தாண்டி வாவிக்குள் விழுந்தது. டச்பார், கல்லடி எல்லாம் அதன் பாதையில் இருந்தன.

கரை ஏறும் நீர்ச்சுவரின் கணிதம் ரிட்டரின் கணக்கைப் போல இலகுவாக மசியவில்லை. சரிவான கரையில் உடையாமல் ஏறும் அலையை 1958இல் காரியரும் கிரீன்ஸ்பானும் ஒரு மாறிமாற்றத்தால் நேர்கோட்டுச் சமன்பாடாக்கித் தீர்த்தனர். உடைந்து சுவராகிவிட்ட அலை வேறு ரகம். அது கரையை நெருங்கும்போது முன்னே ஆழம் பூச்சியமாகிக்கொண்டே போகிறது. ஜெரால்ட் விதமும் உடன் உழைத்தோரும் 1960இல் இதைக் கணக்கிட்டபோது, கரைக்கோட்டைத் தொடும் கணத்தில் சுவரின் உயரம் பூச்சியமாகி, நீரின் வேகம் மட்டும் முடிவான அளவில் எஞ்சுவதைக் கண்டனர். சுவர் குலைந்து மெல்லிய, வேகமான நீர்நாக்காகத் தரையில் பாய்கிறது. அதே ஆண்டு அக்கிரா சக்குராய் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, விண்மீனின் மேற்பரப்பை உள்ளிருந்து வந்தடையும் அதிர்ச்சி அலையைப் பற்றியது. அடர்த்தி தேய்ந்து வெறுமையாகும் வாயு விளிம்பும், ஆழம் தேய்ந்து மணலாகும் கடற்கரையும் கணிதத்தில் ஒரே இடம்.

இரண்டிலும் விடை தன்னொப்புதான், ஆனால் அடுக்கு வேறு வழியில் வருகிறது. டெய்லரின் 2/5ஐ அலகுகளைப் பொருத்தியே சொல்லிவிடலாம். கரையை அல்லது விளிம்பை நெருங்கும் அலையின் அடுக்கை அலகுகள் தருவதில்லை. சமன்பாட்டை முழுதாகத் தீர்த்து, எந்த அடுக்கில் மட்டும் விடை முறியாமல் கடக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். 1942இல் குடெர்லே, உருண்டை வடிவ அதிர்ச்சி அலை காற்றில் மையத்தை நோக்கிக் குவிவதைக் கணக்கிட்டபோது கிடைத்த 0.717 இந்த வகை எண்களில் மூத்தது. இதை ‘இரண்டாம் வகைத் தன்னொப்பு’ எனப் பிரித்துப் பெயரிட்டுப் பரப்பியவர்கள் செல்டோவிச்சும் பாரன்பிளாட்டும். ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. வாயுவில் அதிர்ச்சி அலை இழக்கும் ஆற்றல் வெப்பமாக வாயுவிலேயே தங்கி அதன் அமுக்கத்தைக் கூட்டுகிறது. நீர்ச்சுவர் இழப்பதோ நுரையாகவும் சுழிப்பாகவும் கழிந்துவிடுகிறது. எனவே வலுத்த அலைகளில் நீரைப் பார்த்துக் காற்றைச் சொல்வது மெல்லமெல்லப் பிசகும்.

ரிட்டரின் தீர்வுக்கும் முதல் அடி விழுந்தது உண்மையான தரையில்தான். ஷொக்லிட்ஷ் 1917இல் வெளியிட்ட பரிசோதனைகளில் முன்விளிம்பு கணக்கில் சொன்னதைவிட மெதுவாகவும் மொண்ணையாகவும் வந்தது. உராய்வு வந்ததும் அதனோடு ஒரு புதிய நீளமும் வந்துவிடுகிறது, நீட்டல் சமச்சீர் குலைகிறது. 1952இல் டிரெஸ்லரும் 1955இல் விதமும் மெல்லிய முன்நாக்கில் மட்டும் உராய்வைச் சேர்த்து, பின்னால் ரிட்டரின் பரவளைவை அப்படியே வைத்துத் திருத்தினர். கிழக்கு மாகாணம் இந்த வேறுபாட்டை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கண்டது. திருகோணமலை மாவட்டத்தின் பழம்பெரும் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 15 மீற்றர் ஆழ நீருக்கு ரிட்டரின் முன்விளிம்பு வேகம் நொடிக்கு 24 மீற்றர். வயலும் வரம்பும் பற்றைக்காடும் உள்ள நிலத்தில் நீர் அந்த வேகத்தை எட்டாது. மண்கட்டு ஒரு கணத்தில் மறைவதுமில்லை, அரிந்து அரிந்துதான் விரிகிறது.

ஆற்றுவாயில் இந்த இரண்டாவது காரணமே முழுக்கதையும். அங்கே சுவரும் மணல், அடியும் மணல். வெட்டிய வாய்க்காலில் நீர் தொடக்கத்தில் மெதுவாகவே ஓடும். மணல் அரிய ஆழம் கூடும், ஆழம் கூட ஒன்றரை அடுக்கு விதிப்படி வெளியேற்றம் கூடும், வெளியேற்றம் கூட மேலும் அரியும். சில மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டுப் பிறகு கரை பாளம்பாளமாகச் சரிவது இதனால்தான். வாவி மட்டம் போதிய உயரம் இல்லாத வேளையில் வெட்டினால் இந்தச் சுற்று பற்றிக்கொள்ளாமலே போகலாம், அலை கொண்டுவரும் மணல் வாய்க்காலை மூடிவிடும்.

அரியும் தரையையும் சமன்பாட்டுக்குள் சேர்க்கும் முயற்சியில் ஃபிரக்கரோலோ, காபார் என்ற இருவர் 2002இல் ஒரு முக்கியமான முடிவைத் தந்தனர். நீரடுக்கு, அதன் கீழ் நீரோடு நகரும் மணலடுக்கு, அதன் கீழ் அசையாத மணல் என மூன்றாகப் பிரித்து, அரிப்பு உடனுக்குடன் நிகழ்கிறது என்று கொண்டால், உடைப்பின் தீர்வு மீண்டும் தூரத்தைக் காலத்தால் வகுத்த ஒற்றை எண்ணில் அடங்குகிறது. ரிட்டரின் பரவளைவு உருமாறுகிறது, சமச்சீர் பிழைத்துவிடுகிறது. ஆனால் அக்கணக்கு நீரோட்டத்தின் திசையில் மட்டும் செல்வது. வாய் பக்கவாட்டில் அகலும் வீதம் அதற்குள் வருவதில்லை. அது ஈரமணலின் பிணைப்பையும், திட்டின் உயரத்தையும் அகலத்தையும், அன்றைய கடலலையையும் பொறுத்தது. அந்த நீளங்கள் நுழைந்தபின் நீட்டிப் பார்க்கும் உத்தி வேலை செய்வதில்லை. கணினியில் படிப்படியாகக் கணக்கிட்டாக வேண்டும். அத்தகைய கணினி நிரல் ஒன்றை எழுதியவர்கள் அதை எந்த ஆற்றுவாய்க்கும் கொண்டுபோகும் முன் செய்யும் முதல் சோதனை, உராய்வற்ற தட்டைத் தரையில் ரிட்டரின் 4/9ஐ அது தருகிறதா என்று பார்ப்பதே.